கூரை வரைக்கும் சுவர்

“காகத்துக்கும் தெரியக் கூடாது. விளங்குதோ பிள்ளை?”

“காக்காவுக்குத் தெரிஞ்சா என்ன மாமி ஆகப்போவுது?”

“காகம் கத்தும். ஆரோ வரப்போகினம் எண்டு பக்கத்து வீட்டில நினைப்பினம். ஆர் எண்டு கேப்பினம். நீ ஒரு பொய் சொல்லவேணும். தேவையில்லாத வேலை.”

மாமியார் குணமணி உள்ளிப்பூண்டு உரித்தபடியே சொன்னார். மருமகள் செண்பகவல்லி ஒரு கையில் கடவுச்சீட்டும் மறு கையில் கல்யாணப் பதிவுமாக நின்றாள். காகம் வரைக்கும் யோசித்து வைத்திருக்கும் ஒருவரோடு என்ன வாதம் செய்வது.

செண்பகவல்லி தூத்துக்குடிக்காரி. இழுவைப் படகுகளின் எஞ்சின் திருத்தும் வேலையைப் படிக்கக் குணமணியின் மகன் கிரிசாந் அங்கே போனபோது, மாடி அறையை அவனுக்கு வாடகைக்குக் கொடுத்தவரின் மகள். படித்து முடித்தவன் சான்றிதழோடு ஊர் திரும்பினான். கொஞ்சக் காலம் கழித்து மறுபடி போய், செண்பகத்தோடு திரும்பினான். இப்போது அவனுக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை. அவள் லிங்கநகர் வீட்டுக் குசினியில் மக்ரூன் சுட்டு நகரத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். ‘ஓம்’ சொல்லப் பழகிவிட்டாள், ‘ஏலாது’ சொல்லப் பழகிவிட்டாள். கடவுச்சீட்டு மட்டும் இன்னும் இந்தியாவினது. பொய் சொல்லும்போது நாக்கும் தானாகத் தூத்துக்குடிக்குப் போய்விடும்.

வீடு நல்ல வீடு. ஒரேயொரு குறை, அறைக்கும் ஹோலுக்கும் நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போகாது. காற்று வந்து போகட்டும் என்று கிரிசாந்தின் அப்பா அப்படிக் கட்டினாராம். காற்று வந்து போனது. காற்றோடு மற்ற எல்லாமும் வந்து போயின. அறைக்குள் செண்பகம் புருஷனிடம் மெதுவாக, “தலை வலிக்குதுங்க” என்று சொன்னால், “தைலம் அலுமாரிக்கு மேல இருக்குப் பிள்ளை” என்று ஹோலில் படுத்திருக்கும் குணமணியிடமிருந்து பதில் வரும்.

கல்யாணமாகி இத்தனை காலத்தில் இரண்டு பேரும் தனியாகப் போன மிகத் தூரமான இடம் கன்னியா வெந்நீர்க் கிணறு. தூத்துக்குடிக்குப் போனால் குணமணியும் வருவார், திருச்செந்தூர் பார்க்க. நுவரெலியாவுக்கும் வந்தார். ஆனால் அங்கே மூன்று சுவெட்டரைப் போட்டுக்கொண்டு நடுங்கியவர், இனி இந்த உயிர் இருக்கும் மட்டும் குளிர் ஊருக்குக் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாமியாரின் ஒரே பலவீனம் அன்றைக்குத்தான் செண்பகத்துக்குத் தெரிந்தது.

கிரிசாந்தோடு படித்த ஜதுசன் சுவிஸில் இருக்கிறான். குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறேன், வீடு சும்மாதான் கிடக்கும், வந்து தங்கி ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அழைப்பு அனுப்பினான். வீட்டின் படங்களும் வந்தன. ஏரி தெரியும் யன்னல், பனி மூடிய மலை, மாடு நிற்கும் புல்வெளி. செண்பகம் அதையெல்லாம் தள்ளிவிட்டுப் படுக்கையறைப் படத்தை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். சுவர் நேராகப் போய்க் கூரையில் முட்டியது. கதவுக்குச் சாவியும் இருந்தது.

“போவமோ?” என்று கிரிசாந் கிசுகிசுத்தான்.

“போயிட்டு வாங்கோ. நான் வரேல்ல, குளிர்,” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனுமதி வந்தது.

அனுமதியோடு ஒரு நிபந்தனையும் வந்தது. கண்ணூறு, அதாவது கண் திருஷ்டி, படக் கூடாது.

தோப்பூரில் குணமணியின் பெரியம்மா பேரன் ஒருவன் கனடா விசாவுக்குப் போட்டுவிட்டுத் தேநீர்க் கடையில் வாய் விட்டான். அடுத்த கிழமையே மறுத்துவிட்டார்கள். இன்னொருவர் கெட்டிக்காரர், விசா வந்த பிறகுதான் சொன்னார். விமானம் ஏறப்போன நாளில் அம்மை போட்டது. பொறாமைப்பட்டுப் பார்த்தால்தான் கண்ணூறு என்றில்லையாம். நல்ல மனதோடு ‘ஆ, சுவிஸோ’ என்று ஒருவர் வாயைத் திறந்தாலே போதுமாம். விமானம் தரையை விட்டு எழும்பும் வரைக்கும் மூச்சுக் காட்டக் கூடாது.

தூத்துக்குடியில் என்றால் செண்பகத்தின் அப்பா முதலில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பிறகு விண்ணப்பம் எழுதுவார். ஆனால் இது குணமணியின் வீடு. செண்பகம் சரியென்று தலையாட்டினாள். ரகசியமாகச் சுவிஸ் போவது அப்படியொன்றும் கஷ்டமாக அவளுக்குத் தோன்றவில்லை.

சந்தியில் பாயிஸின் கொமினிகேசன் கடை. படமும் அங்கேதான் எடுக்க வேண்டும், போட்டோக் கொப்பியும் அங்கேதான் அடிக்க வேண்டும். செண்பகம் கடவுச்சீட்டையும் கல்யாணப் பதிவையும் மேசையில் வைத்தாள். பாயிஸ் இரண்டையும் பார்த்தார்.

“எங்க தங்கச்சி, பயணமா?”

“பயணமெல்லாம் இல்லண்ணே. சும்மா, ஊருக்கு.”

“தம்பியும் வாறாரா?”

“இல்லண்ணே, நான் மட்டுந்தான்.”

“எப்ப திரும்பி?”

இந்தக் கேள்விக்கு அவள் பதில் தயார் பண்ணிக்கொண்டு வரவில்லை. “அது தெரியலண்ணே,” என்றாள்.

பாயிஸ் கல்யாணப் பதிவை இயந்திரத்தின் கண்ணாடியில் மெதுவாக வைத்தார், ஏதோ நோயாளியைக் கட்டிலில் கிடத்துவது போல. கொப்பிகளை அடுக்கிக் கொடுக்கும்போது, “அவசரப்பட்டு ஒண்டும் செஞ்சிராதீங்க,” என்றார். ஸ்டேப்ளரைச் சொல்கிறார் என்று நினைத்துச் செண்பகம் அதிலிருந்து கையை எடுத்தாள்.

அடுத்தது, அவள் இந்த விலாசத்தில்தான் வசிக்கிறாள் என்று கிராம சேவகர் தரும் உறுதிக் கடிதம். கிராம சேவகர் கஜேந்தினி, ஊரில் ஜீ.எஸ். மிஸ், நிதானமானவர். சனம் நிறைந்திருந்த அறையில் செண்பகத்தைக் கதிரையில் இருத்திவிட்டுக் கடவுச்சீட்டைப் பிரித்தார்.

“இஞ்ச எங்கட பதிவில நீங்கள் திருமதி கிரிசாந். இதில அப்பாவின்ர பேர் கிடக்கு. எந்தப் பேர் போட?”

விசா விண்ணப்பத்திலும் கடவுச்சீட்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். “அப்பா பேரையே போடுங்க மிஸ்,” என்றாள் செண்பகம்.

“அப்ப அவரின்ர பேர்?”

“அது வேணாம் மிஸ்.”

பின்னால் நின்ற சனத்தின் பேச்சு நின்றது. ஜீ.எஸ். மிஸ் பேனையை மூடி வைத்தார். பிறகு திறந்தார். என்ன தேவைக்கு என்று எழுதுவது என்று கேட்டார். வங்கிக் கணக்கு என்று சொல்லும்படி கிரிசாந் சொல்லி அனுப்பியிருந்தான். அந்த நேரம் பார்த்து அது மறந்து போனது. “சொந்தத் தேவைக்கு,” என்றாள். பொய் சொன்ன பதற்றத்தில் முகமெல்லாம் வியர்த்து, சேலைத் தலைப்பால் கண்ணோடு சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். ஜீ.எஸ். மிஸ் மேசை லாச்சியைத் திறந்து ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினார்.

“நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. மிச்சத்தை நாங்கள் பாத்துக்கொள்ளுறம்.”

கடிதத்தைத்தான் சொல்கிறார் என்று செண்பகம் நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் குறிஞ்சாக்கேணியிலிருந்து மீன் கொண்டுவரும் தாஹிர், மோட்டார் சைக்கிளைப் படலையடியில் நிறுத்திவிட்டு, அவள் கேட்ட மீனோடு கேட்காத இறாலையும் சட்டியில் போட்டார். இதெல்லாம் வாழ்க்கையில் வரும், மனதை விட்டுவிடக் கூடாது, நல்லாகச் சாப்பிட வேண்டும் என்று புத்தி சொன்னார். மீன்காரர் இறாலும் புத்தியும் சேர்த்துக் கொடுப்பது செண்பகத்துக்குப் புதிதாக இருந்தது. அன்று பின்னேரம் கிரிசாந் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

“நாங்கள் பிரியப் போறமாம்.”

“எங்கங்க?”

“ஒராளை விட்டு ஒராள்.”

அவன் லீவுக் கடிதம் கேட்டு மேற்பார்வையாளர் கலீலுர் றஹ்மானிடம் போயிருக்கிறான். காரணம் கேட்டால் ‘வீட்டு அலுவல்’ என்று சொல்வதாக ஏற்பாடு. அவர் காரணமே கேட்கவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு தோளில் கை போட்டு இழுவைப் படகில் ஏற்றி, உட்துறைமுகத்தைச் சுற்றி வரும் வரைக்கும், பொம்பிளைகளின் மனதை எப்படி ஆற்றுவது என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறார். படகில் இருந்த எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

“பாயிஸண்ணன் கடை, ஜீ.எஸ். மிஸ். அங்க என்ன சொன்ன நீ?”

செண்பகம் சொன்னதை வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே புரிந்தது. புருஷன் பெயர் வேண்டாம், தனியாகப் போகிறேன், திரும்பி வருவது தெரியாது. இதைக் கேட்டால் அவளே அவளுக்கு இறால் கொடுத்திருப்பாள்.

“இல்லைன்னு சொல்லிருவோமே மாமி.”

“சொல்லுங்கோ,” என்றார் குணமணி. “அப்ப அந்தக் காயிதமெல்லாம் என்னத்துக்கு எண்டு கேப்பினம். சுவிஸுக்கு எண்டு சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு அந்த விசாவை மறந்திடுங்கோ.”

வாயைத் திறந்தால் விசா போகும். மூடினால் மானம் போகும். கிரிசாந் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். வாயால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, சந்தோஷமாக இருப்பதைக் கண்ணால் காட்டிவிட்டால் போகிறது. அடுத்த நாள் பின்னேரம் இரண்டு பேரும் டச் பே கடற்கரைக்குப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள், ஐஸ்கிறீம் சாப்பிட்டார்கள்.

இதற்கு முதல் அவர்கள் கையைப் பிடித்து நடந்ததை லிங்கநகர் கண்டதில்லை. பிரியப் போகிற நேரத்திலாவது ஒரு நல்ல மனதோடு கதைத்து முடிக்கிறார்கள் என்று கடற்கரை பேசிக்கொண்டது. போதாக்குறைக்கு, கை வியர்க்குது விடுங்க என்று செண்பகம் சொல்ல, விட்டால் சண்டை என்று நினைப்பார்கள் என்று அவன் இறுக்கிப் பிடிக்க, அவள் இழுக்க, ஐஸ்கிறீம் அவன் சேட்டில் விழுந்தது. அவள் அவன் முகத்தில் எறிந்தாள் என்று மூதூருக்குப் போன பஸ்ஸில் கதை போனது.

இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று குணமணி புறப்பட்டார். தேவையில்லாத சீனியை வீடு வீடாகப் போய்க் கடன் கேட்டார். சீனியை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் சொல்வது போல, “எங்கட வீட்டில ஒரு பிரச்சினையும் இல்லை,” என்றார். ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் சீனியைக் கொஞ்சம் கூடப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு பிரச்சினையும் இல்லாத வீட்டிலிருந்து யார் வந்து இப்படிச் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்குச் சமாதானம் வந்தது. பக்கத்து வீட்டு றுஷ்தா, பாயிஸ், ஜீ.எஸ். மிஸ். தலைமை தாங்க கலீலுர் றஹ்மான். எஞ்சினோடு கத்திப் பழகிய அவருடைய குரல் பெரிய றோட்டு வரைக்கும் கேட்கும். ஹோலில் கதிரைகள் போதாமல் றுஷ்தா தன் வீட்டிலிருந்து இரண்டு கொண்டுவந்தாள். வேலிக்கு வெளியே சனம். செண்பகம் மக்ரூன் கொண்டுவந்து வைத்தாள். எல்லாரும் கவலையோடு எடுத்துச் சாப்பிட்டார்கள்.

“தம்பி, குடிக்கிற பழக்கம் ஏதும்?” என்று கலீலுர் றஹ்மான் ஆரம்பித்தார்.

“இல்லை சேர்.”

“கை நீட்டுற பழக்கம்?”

“இல்லை.”

“அப்ப என்னதான் பிரச்சினை? தைரியமாச் சொல்லுங்க.”

கிரிசாந் அம்மாவைப் பார்த்தான். சுவிஸ் கதையை எடுக்காதே என்று குணமணி கண்ணை உருட்டித் தலையை ஆட்டினார். அவன் அம்மாவைப் பார்த்ததையும் அம்மா கண்ணை உருட்டியதையும் சபை முழுக்கப் பார்த்தது. “ஆ,” என்றார் பாயிஸ். வேலிக்கு வெளியேயும் “ஆ” என்றது. மாமியார்க் கொடுமை.

குணமணியின் முகம் போன போக்கை அவனால் பார்க்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்க ஒருவரிடமும் ஒரு சொல் கேட்காத மனுசி. அம்மாவைக் காப்பாற்ற ஏதாவது சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும்.

“நான் குறட்டை விடுறனான்,” என்றான்.

சபை யோசித்தது. செண்பகத்தைப் பார்த்தது. அவள் புருஷனையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்தாள், சுவிஸை நினைத்துக்கொண்டாள். “தாங்க முடியல,” என்றாள்.

தீர்ப்பைக் கலீலுர் றஹ்மான் எழும்பி நின்று, பெரிய றோட்டுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். கொஞ்சக் காலத்துக்குத் தம்பி ஹோலில் படுக்க வேண்டும். மாமி அறைக்குள் மருமகளோடு படுத்து ஆறுதலாக இருக்க வேண்டும். மனம் ஆறியபின் மற்றதைப் பார்க்கலாம். ஜீ.எஸ். மிஸ் அது நல்ல முடிவு என்றார். போகும்போது றுஷ்தா செண்பகத்தின் கையைப் பிடித்து, “எல்லாம் நல்லபடியா முடியும் தங்கச்சி. நாங்க இரிக்கம்தானே,” என்றாள்.

இப்படியாக, மாமியார் இல்லாத ஓர் அறைக்காக ஆரம்பித்த வேலை, அறையிலிருந்த புருஷனை வெளியே தள்ளி மாமியாரை உள்ளே கொண்டுவந்து சேர்த்தது. குணமணி படுத்ததும் தூங்கிவிடுவார். குறட்டை விடுவது கிரிசாந் இல்லை, அவர்தான்.

“செண்பகம், நித்திரையோ?” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

“இல்லைங்க.”

“ரெண்டு பேரும் கதையாமப் படுங்கோ,” என்று குறட்டை நின்று பதில் சொல்லும்.

கொழும்புக்கு நேர்காணலுக்குப் போகும் நாள் வந்தது. இரண்டு பேரும் ஒன்றாகப் போனால் கொழும்பில் என்ன அலுவல் என்று கேட்பார்கள் என்று குணமணி ஒரு திட்டம் போட்டார். செண்பகம் வீட்டிலிருந்து தனியாகப் போய்த் திருகோணமலையில் ரெயில் ஏற வேண்டும். கிரிசாந் வேலைக்குப் போவது போலப் போய் அடுத்த நிலையமான சீனக்குடாவில் ஏறிக்கொள்ள வேண்டும்.

ஆகவே லிங்கநகர் கண்டது இதைத்தான்: காலை வெயிலில், ஒரு சூட்கேசை இழுத்துக்கொண்டு, செண்பகம் தனியாகப் படலையைத் திறந்து வருகிறாள். வீடு வீடாகச் சனம் வெளியே வந்தது. றுஷ்தா ஓடிவந்து ஒரு சாப்பாட்டுப் பார்சலைத் திணித்தாள். அவளுடைய கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்ததும் செண்பகத்துக்கும் அழுகை வந்தது, பொய் சொன்ன அழுகை. இரண்டு பேரும் வீட்டுக்கு முன்னால் நடு ஒழுங்கையில் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஓட்டோக்காரன் எஞ்சினை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருந்தான்.

விசா நிலையத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நீங்கள் இந்தியா, அவர் இலங்கை, திரும்பி எந்த நாட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டார்கள். திருகோணமலைக்கு என்றாள். ஏன் வருவீர்கள் என்று கேட்டார்கள். அடுப்பு அங்கே இருக்கிறது என்றாள். கேட்ட அம்மாள் சிரித்தாள். கடைசியாக ஒன்று. சொந்தக்காரர் அல்லாத, அக்கம்பக்கத்தில் இருக்கிற, உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரின் தொலைபேசி எண் வேண்டுமாம். கைபேசிகளை வாசலில் வாங்கி வைத்துவிட்டார்கள். செண்பகத்துக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரேயொரு எண்தான். மக்ரூனுக்கு வெள்ளைக்கரு வேண்டும், றுஷ்தா கோழி வளர்க்கிறாள், தினமும் முட்டைக்குக் கூப்பிடுவாள். எண்ணைச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள்.

திரும்பி வரும்போது ரெயில் கல்லோயாச் சந்தியில் நின்றது. றுஷ்தாவின் பார்சலில் மிச்சமிருந்த கோழிக்காலைக் கையில் எடுத்த கிரிசாந் அப்படியே நிறுத்தினான்.

“றுஷ்தாக்கான்ர நம்பரோ குடுத்த நீ?”

“வேற எது எனக்குத் தெரியும்?”

“அவவின்ர கணக்கில நாங்கள் பிரியப் போறம்.”

ரெயில் புறப்பட்டது. அவன் கோழிக்காலைத் திரும்ப வைத்தான். கொழும்பிலிருந்து கூப்பிட்டுக் கேட்பார்கள். அந்தப் பிள்ளை புருஷன் பெயரையே வேண்டாம் என்றுவிட்டது, அவன் ஹோலில் படுக்கிறான், மத்தியஸ்தத்துக்கு நானும் போனேன் என்று றுஷ்தா கண்ணீரோடு சொல்வாள். சோடியாக ஊர் பார்க்கப் போகிறோம் என்ற விண்ணப்பத்தின் கதை அதோடு முடியும். றுஷ்தாவிடம் போய் முன்கூட்டியே சொல்லலாம் என்றால், குணமணி விடமாட்டார்.

குணமணி விடவில்லை.

இரண்டு நாள் கழித்து றுஷ்தா வேலிக்கு மேலால் முட்டைக் கூடையை நீட்டினாள்.

“கொழும்பால ஒரு கோல் வந்திச்சு தங்கச்சி. உங்க ரெண்டு பேரயும் பத்தி ஒரு பொம்புள விசாரிச்சாங்க.”

செண்பகம் கூடையை வாங்கிக்கொண்டாள். “என்னக்கா சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? உள்ளதத்தான் சொன்னன்,” என்றாள் றுஷ்தா. மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கோழிகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அன்றைக்குச் சுட்ட மக்ரூன் எல்லாம் கருகிப் போயின. பின்னேரம் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த கிரிசாந்தின் பக்கத்தில் போய்ச் செண்பகம் நின்றாள். வீட்டில் கூரை இல்லாத ஒரே இடம் அதுதான், சுவரும் இல்லை.

“எனக்குச் சுவிஸெல்லாம் ஆசையே இல்லங்க. மலையும் வேணாம், ஏரியும் வேணாம். பத்து நாள் நீங்களும் நானும் மட்டும் பேசணும். யாரும் பதில் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.”

அவன் வாளியைக் கீழே வைத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். குசினி யன்னலிலிருந்து, “தண்ணியை வீணாக்காதேங்கோ,” என்று குரல் வந்தது. வாயை மூடினான்.

கடவுச்சீட்டுகள் கூரியரில் வந்தன. உறையைக் கிழிக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. குணமணிதான் கத்தரிக்கோலால் வெட்டினார். கிரிசாந்தின் கடவுச்சீட்டில் விசா. செண்பகத்தின் கடவுச்சீட்டிலும் விசா. மூன்று பேரும் மேசையைச் சுற்றி நின்று அதையே பார்த்தார்கள். சந்தோஷத்தில் கத்தவும் முடியாது, பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். கிரிசாந் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு கத்தினான்.

“அப்ப அந்தக்கா என்னத்தத்தான் சொல்லிருப்பாங்க?” என்று செண்பகம் கேட்டாள்.

கொழும்பு அம்மாளுக்குத் தமிழ் விளங்கவில்லையோ என்னவோ என்றான் கிரிசாந். விசாரித்துப் பார்க்கவும் முடியாது. இனியும் மூச்சுக் காட்டக் கூடாது, ஆபத்தான கட்டமே இதுதான், விமானம் இன்னும் தரையில்தான் நிற்கிறது என்றார் குணமணி. இந்த ரகசியத்தைச் சுமந்ததில் அவர் பாதியாய் மெலிந்து போயிருந்தார்.

புறப்படும் நாள் காலை, வாடகைக்குப் பிடித்த வானை ஒழுங்கைக்குள் எடுக்காமல் முனையிலேயே நிறுத்தச் சொன்னார்கள். கேட்டால் செண்பகம் ஊருக்கே போகிறாள், கிரிசாந் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரப் போகிறான் என்று சொல்வதாகக் கடைசிப் பொய் தயாராக இருந்தது. சூட்கேசைத் தூக்கிக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் நடந்தார்கள். மூன்று பேருக்கும் அந்த முகம் இப்போது நன்றாகப் பழகிவிட்டது.

முனையில் வானைச் சுற்றி ஒழுங்கை முழுக்க நின்றது. பாயிஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். கலீலுர் றஹ்மான் வேலைச் சட்டையோடு நின்றார். ஜீ.எஸ். மிஸ் நின்றார். தாஹிர் மீன் பெட்டியோடு நின்றார். செண்பகத்துக்கு இத்தனை நல்ல சனத்தை ஏமாற்றிவிட்டுப் போகிறோமே என்று வந்தது. ஒரேயொரு வார்த்தை உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் போல இருந்தது. மாமியார் அவளுடைய முழங்கையைப் பிடித்து அமர்த்தினார்.

றுஷ்தா முன்னுக்கு வந்தாள். இந்த முறை அவள் அழவில்லை. ஒரு பையைப் பிரித்து இரண்டு தடித்த கம்பளித் தொப்பிகளை எடுத்தாள். ஒன்றைக் கிரிசாந்தின் தலையில் மாட்டினாள். மற்றதைச் செண்பகத்தின் தலையில் மாட்டி, காது தெரியாமல் இழுத்துவிட்டாள். திருகோணமலை வெயில் அப்போதே சுட்டுக்கொண்டிருந்தது.

“தூத்துக்குடிக்கு... எதுக்குக்கா இது?” என்றாள் செண்பகம். நாக்கு சரியாகத் தூத்துக்குடியில் போய் நின்றது.

றுஷ்தா ஒருமுறை திரும்பி எல்லாரையும் பார்த்தாள். எல்லாரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள், வேலை நல்லபடியாக முடிந்தவர்களின் சிரிப்பு. அவள் செண்பகத்தின் காதோடு குனிந்தாள்.

“சுவிஸ் எண்டு எங்களுக்கு முதல் நாளே தெரியும் தங்கச்சி, உங்க வீட்டுல கதைக்கிறது வேலிக்கு இந்தப் பக்கமும் கேக்கும்தானே. ஆரும் கண்ணூறு வச்சிரக் கூடாதெண்டுதான், நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்க எண்டு நாங்களே கதையக் கட்டி மூதூர் வரைக்கும் அனுப்பின நாங்க. நல்லாத்தானே செஞ்சிரிக்கம், நீங்க என்ன நினைக்கிறீங்க?”